ஏசியில் வருடா வருடம் 'கேஸ்' போடுகிறீர்களா? கசிவு எங்கே, சரிசெய்வது எப்படி?

மார்ச் பிறந்தால் போதும், பெங்களூருவின் பீன்யா, தாசரஹள்ளி, ஜாலஹள்ளி பக்கத்து வாடகை வீடுகளில் ஒரே மாதிரியான உரையாடல் தொடங்கிவிடும். ஏசி ஓடுகிறது, ஆனால் அறை குளிரவில்லை. மெக்கானிக் வருகிறார், அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டிப் பார்க்கிறார். "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபுல் பண்ணிடலாம்" என்கிறார். அரை மணி நேரத்தில் ஜில்லென்று காற்று வருகிறது. பணத்தை அனுப்பிவிட்டு நாமும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அடுத்த மார்ச்சில் மறுபடியும் அதே கதை.

இதில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. போன வருடம் போட்ட கேஸ் எங்கே போனது?

ஃபேன்கூட வேண்டாம் என்று ஒரு காலத்தில் பெருமை பேசிய ஊர் பெங்களூரு. 2016 ஏப்ரலில் அங்கே 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி. ஏசி இப்போது அங்கேயும் சாதாரண வீட்டுப் பொருளாகிவிட்டது. அதோடு சேர்ந்து வந்ததுதான் இந்த 'வருடாந்திர கேஸ் செலவு'.

இது பெங்களூருவின் பிரச்னை மட்டும் இல்லை. டெல்லியைச் சேர்ந்த ஐஃபாரெஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு, சென்னை உட்பட ஏழு நகரங்களில் 3,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்திய கணக்கெடுப்பை 2025-ல் வெளியிட்டது. அதன்படி சுமார் 40% ஏசிகளில் ஒவ்வொரு வருடமும் கேஸ் நிரப்பப்படுகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அந்தத் தேவை வரக்கூடாது என்கிறது அந்த அறிக்கை. 2024-ல் மட்டும் இந்தியர்கள் இதற்காகச் செலவழித்தது சுமார் 7,000 கோடி ரூபாய் என்பது அதன் மதிப்பீடு.

ஏசியில் கேஸ் தீர்ந்துபோகுமா?

தீராது. நம்மில் பலருக்கும் இருக்கும் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பைக்கில் பெட்ரோல் எரிந்து தீர்கிறது, அடுப்பில் சிலிண்டர் எரிந்து தீர்கிறது. அதனால் ஏசி கேஸும் ஓட ஓடக் குறையும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஏசியில் கேஸ் எரிவதில்லை. சுற்றி வருகிறது, அவ்வளவுதான். இண்டோர் யூனிட்டின் காயிலில் அது திரவத்திலிருந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளியே தள்ளுகிறது. அவுட்டோர் யூனிட்டின் காயிலில் அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. பிறகு மீண்டும் உள்ளே வருகிறது. முழுக்க மூடிய செம்பு அல்லது அலுமினியக் குழாய்களுக்குள் நடக்கும் சுற்று இது. ஃபேக்டரியில் போட்ட அதே கேஸ் பத்து வருடம் கழித்தும் உள்ளே இருக்க வேண்டும்.

ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, பஞ்சரான டயருக்குக் காற்று மட்டும் அடிப்பது போலத்தான்.

உங்கள் ஏசியில் என்ன கேஸ் இருக்கிறது?

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையைப் பாருங்கள். கேஸின் பெயரும், எத்தனை கிராம் அல்லது கிலோ என்பதும் அதில் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஆர்-22: பழைய ஏசிகளில் இருப்பது. ஓசோன் படலத்தையும் பாதிக்கும். 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் புதிய சாதனங்கள் தயாரிக்க இந்த வகை வாயுக்களைப் பயன்படுத்த முடியாது. பழைய மெஷின்களின் சர்வீஸுக்கு மட்டும் இன்னும் சில காலம் கிடைக்கும்.

ஆர்-410ஏ: அடுத்து வந்தது. ஓசோனுக்குப் பாதிப்பில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல் சுமார் 2,088 மடங்கு.

ஆர்-32: இன்று விற்கும் பெரும்பாலான வீட்டு ஏசிகளில் இருப்பது. சூடாக்கும் திறன் சுமார் 675 மடங்கு. லேசாகத் தீப்பற்றும் தன்மை உண்டு.

ஆர்-290: புரொப்பேன். சூடாக்கும் திறன் மிகமிகக் குறைவு, ஆனால் எளிதில் தீப்பற்றும். சில மாடல்களில் மட்டும் இருக்கிறது.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. ஆர்-32 வேலை செய்யும் அழுத்தம் ஆர்-22-ஐ விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். "இந்தக் கேஸ் சீப்பா கிடைக்குது, போட்டுடவா" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே கசிகிறது?

முதல் சந்தேகம் இணைப்புகள் மீது. இண்டோர், அவுட்டோர் யூனிட்களைச் சேர்க்கும் செம்புக் குழாயின் நுனியைப் புனல் போல் விரித்து, ஒரு நட்டால் இறுக்குவார்கள். இதற்கு ஃபிளேர் என்று பெயர். விரித்த விளிம்பில் சின்னக் கீறலோ பிசிறோ இருந்தாலே கசியும். நட்டைக் குறைவாக இறுக்கினாலும் கசியும். அதிகமாக இறுக்கினால் செம்பு மெலிந்து வெடிப்பு விடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து இறுக்க டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. பெரும்பாலும் 'கை கணக்கு'தான் நடக்கிறது.

இரண்டாவது, கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வு. அதன் உள்ளே டயர் வால்வில் இருப்பது போன்ற சின்ன ஊசி இருக்கும். ஒவ்வொரு முறை கேஜ் மாட்டும்போதும் அது தேய்கிறது. அதன் மேல் இருக்க வேண்டிய மூடி பல வீடுகளில் தொலைந்தே போயிருக்கும்.

மூன்றாவது, அதிர்வு. ஸ்டாண்டில் சரியாகப் பொருத்தாத அவுட்டோர் யூனிட் ஆடிக்கொண்டே இருக்கும். ஒன்றோடொன்று உரசும் குழாய்களில் நாளடைவில் ஓட்டை விழும்.

நான்காவது, காயில் அரிப்பு. பீன்யா மாதிரி இடங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1970-களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளோடு மின்முலாம் பூசும் கூடங்கள், பெயின்ட் அடிக்கும் கூடங்கள், பவுடர் கோட்டிங் யூனிட்கள் என எல்லாம் கலந்திருக்கின்றன. அதை ஒட்டியே வீடுகள். அமிலப் புகை செம்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். திறந்த சாக்கடையிலிருந்து கிளம்பும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கருக்கவைத்து ஓட்டையாக்கும். அவுட்டோர் யூனிட் சாக்கடைப் பக்கமாகவோ பட்டறையின் புகைபோக்கிப் பக்கமாகவோ இருந்தால் இடத்தை மாற்றுவது நல்லது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதே வேலையை உப்புக் காற்று செய்கிறது.

வீட்டுக்குள்ளேயே ஒரு எதிரி உண்டு. புதுப் பெயின்ட், பிளைவுட் பசை, சில கிளீனிங் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் ஃபார்மிக், அசெட்டிக் அமில ஆவிகள் ஈரத்தோடு சேர்ந்து செம்புக் குழாயில் நுண்ணிய சுரங்கங்களைத் தோண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் எறும்புப் புற்று போலவே இருக்கும் என்பதால் அதற்கு எறும்புப் புற்று அரிப்பு என்றே பெயர். கண்ணுக்குத் தெரியாது, புது ஏசியிலும் வரலாம்.

நாமே கண்டுபிடிக்க முடியுமா?

ஓட்டை எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட முடியும். முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். தூசி அடைத்த ஃபில்டரும் அழுக்கு காயிலும் கேஸ் குறைந்த மாதிரியே அறிகுறி காட்டும். பிறகு இவற்றைப் பாருங்கள்:

ஏசியை 18 டிகிரியில் வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். மேலே உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும், கீழே வெளியே வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு தெர்மாமீட்டரால் அளங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 4, 5 டிகிரிதான் என்றால் ஏதோ கோளாறு.

அவுட்டோர் யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களில் மெல்லிய குழாயின் வால்வில் பனி படிகிறதா பாருங்கள். ஸ்பிளிட் ஏசியில் இது கேஸ் குறைவதன் பழகிய அடையாளம்.

குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்து சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் கொஞ்சம் ஆயிலும் வெளியே வந்து தூசியைப் பிடித்து வைத்திருக்கும்.

வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த வாயுக்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது.

கேஜ் காட்டுவது போதாதா?

போதாது. உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை, ஏசி ஆஃப் ஆகி இருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. சமையல் சிலிண்டர் பாதி காலியானாலும் அடுப்பு அதே வேகத்தில் எரிகிறதே, அதே கணக்குதான். ஓடும்போது காட்டும் அழுத்தம் ஓரளவு உதவும். ஆனால் இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் ஏறி இறங்கும். எத்தனை கேஸ் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஒரே வழி, இருப்பதை வெளியே எடுத்து எடை போடுவதுதான்.

சரியான ரிப்பேர் எப்படி இருக்கும்?

முதல் படி, தேடுதல். இணைப்புகளிலும் வால்விலும் சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். எலெக்ட்ரானிக் டிடெக்டர் இன்னும் நுணுக்கமாகக் காட்டும். இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை என்பதால் இணைப்பின் அடிப்பக்கத்தில் தேட வேண்டும்.

இரண்டாவது, நைட்ரஜன் டெஸ்ட். மிச்சமிருக்கும் கேஸைச் சிலிண்டரில் மீட்டெடுத்துவிட்டு, உலர்ந்த நைட்ரஜனை நிறுவனம் சொல்லும் அழுத்தத்துக்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் வைப்பதைவிட ஒரு ராத்திரி முழுக்க வைப்பது நம்பகமானது. ஒரு விஷயம்: பெங்களூருவில் பகலுக்கும் ராத்திரிக்கும் 10 டிகிரி வித்தியாசம் வரும். 400 பிஎஸ்ஐ ஏற்றி வைத்தால், குளிரினால் மட்டுமே சுமார் 14 பிஎஸ்ஐ இறங்கும். அது கசிவு இல்லை. அதற்கு மேல் இறங்கினால்தான் சந்தேகம். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜனை ஏற்றவே கூடாது. கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

மூன்றாவது, அடைத்தல். ஃபிளேர் என்றால் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். வால்வு ஊசி என்றால் மாற்ற வேண்டும், மலிவான வேலை. செம்புக் குழாயில் ஓட்டை என்றால் பற்றவைக்கலாம். பற்றவைப்பதற்கு முன் உள்ளே துளி கேஸ்கூட இருக்கக்கூடாது. காயில் முழுக்க அரித்திருந்தால் ஓரிடத்தில் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, காயிலை மாற்றுவதுதான் வழி. கேஸோடு கலந்து ஊற்றும் 'லீக் ஸ்டாப்' திரவங்கள் நுண்குழாய்களையே அடைத்துவிடலாம்.

நான்காவது, வேக்கம். பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்ச வேண்டும். 500 மைக்ரான் அளவுக்கு இறக்குவது நல்ல வேலைக்கு அடையாளம். சிலர் பம்ப் இல்லாமல், கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். ஈரம் உள்ளேயே தங்கும். கேஸ் வானத்துக்குப் போகும்.

ஐந்தாவது, எடை. பெயர்ப் பலகையில் 800 கிராம் என்றிருந்தால், சிலிண்டரை எடை மெஷினில் வைத்து 800 கிராம் போட வேண்டும். குழாய் வழக்கத்தைவிட நீளம் என்றால் கையேட்டில் சொன்னபடி கொஞ்சம் கூட்டலாம். "கேஜ்ல பார்த்து போட்டுட்டேன்" என்பது அளவே கிடையாது.

பிறகு ஏன் இப்படிச் செய்வதில்லை?

மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். அவருடைய பக்கத்தையும் பார்ப்போம். கோடைக்காலத்தில் ஒரு நாளில் பல வீடு ஏற வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்ப், எடை மெஷின், மீட்டெடுக்கும் மெஷின் எல்லாவற்றையும் பைக்கில் கட்டி, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தூக்க வேண்டும். இரண்டு முறை வர வேண்டிய வேலைக்கு வாடிக்கையாளர் ஒரு விசிட் காசுதான் தருவார். கேஸ் போட்டால் உடனே குளிர்ச்சி, உடனே பணம். கசிவு தேடினால் "இவ்வளவு நேரம் என்ன பண்றீங்க" என்ற கேள்விதான்.

பயிற்சியும் குறைவு. பெரும்பாலானவர்கள் இன்னொரு மெக்கானிக்கிடம் கையாளாக இருந்து கற்றவர்கள். 2019-ல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் 2022-23-க்குள் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சான்றிதழ் இல்லாதவர் இந்த வாயுக்களைக் கையாளவே முடியாது. வேண்டுமென்றே காற்றில் திறந்துவிடுவது குற்றம். நம் ஊரில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லாத நிலையில், தரத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

தீப்பிடிக்குமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். ஆர்-32 தீப்பற்ற ஒரு கன மீட்டருக்குச் சுமார் 307 கிராம் கலந்திருக்க வேண்டும். அந்த அறைக்கு 10 கிலோவுக்கு மேல் தேவை. ஏசியில் இருப்பது ஒரு கிலோவுக்குள். முழுதும் கசிந்து அறையில் சீராகக் கலந்தாலும் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆர்-290 என்றால் கணக்கு மாறுகிறது. ஒரு கன மீட்டருக்கு 38 கிராம் போதும், அதாவது அறைக்குச் சுமார் 1.3 கிலோ. அதனால்தான் அந்த மாடல்களில் சில நூறு கிராம் மட்டுமே போடுகிறார்கள். பழைய ஆர்-22 ஏசியில் மலிவுக்காகப் புரொப்பேன் ஏற்றுவது ஆபத்து என்பதும் அதனால்தான்.

ஆனால் 'சீராகக் கலந்தால்' என்பதைக் கவனியுங்கள். கனமான வாயு தரையோடு தங்கும். கசியும் இடத்துக்குப் பக்கத்தில் அடர்த்தி அதிகமாக இருக்கும். கேஸ் உள்ளே இருக்கும்போதே பற்றவைப்பது, பக்கத்தில் சிகரெட் பிடிப்பது எல்லாம் விபத்தைக் கூப்பிடும் வேலை. ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 எதுவானாலும் தீயில் பட்டால் நச்சுப் புகை வரும். வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஒரு வீட்டு ஏசியால் பூமிக்கு என்ன ஆகிவிடும்?

800 கிராம் ஆர்-32 கசிந்தால் அது சுமார் 540 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. ஆக, 235 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் சுமார் 3,500 கிலோமீட்டர். பெங்களூருவிலிருந்து சென்னைக்கு ஐந்து முறை போய் வரலாம். ஒரு கிலோ ஆர்-410ஏ என்றால் ஏறக்குறைய இருபது முறை.

இதைக் குறைக்கத்தான் 2016-ல் கிகாலி உடன்பாடு வந்தது. இந்தியா அதை 2021-ல் ஏற்றுக்கொண்டது. 2024 முதல் 2026 வரையிலான பயன்பாட்டை அடிப்படையாக வைத்து, 2028-ல் உச்சவரம்பு. அதற்குப் பிறகு 2032-லிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85% குறைக்க வேண்டும். அளவு குறையும்போது கேஸ் விலை கூடத்தான் வாய்ப்பு. கசிவை இன்று அடைப்பவருக்கு அப்போது கவலை குறைவு.

வீடு மாறும்போது

பதினோரு மாத அக்ரிமென்ட்டில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. ஏசியைக் கழற்றும்போது 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூடினால், கேஸ் முழுதும் அவுட்டோர் யூனிட்டுக்குள் சேரும். பிறகு பெரிய குழாயின் வால்வை மூடிவிட்டு ஏசியை நிறுத்தலாம். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் நட்டைக் கழற்றினால், 'புஸ்ஸ்' என்று போவது உங்கள் பணம்.

புது வீட்டில் பழைய ஃபிளேரை அப்படியே மாட்டவிடாதீர்கள். நுனியை வெட்டிப் புதிதாக விரித்து, வேக்கம் போட்ட பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.

மெக்கானிக் வந்ததும் கேட்க வேண்டியவை

"அண்ணா, கேஸ் போடறதுக்கு முன்னாடி லீக் எங்கேன்னு காட்டுங்க."

"நைட்ரஜன் டெஸ்ட் பண்ணுவீங்களா? அதுக்குத் தனியா எவ்வளவு?"

"வேக்கம் பம்ப், எடை மெஷின் கொண்டு வந்திருக்கீங்களா?"

"எத்தனை கிராம் போட்டீங்கன்னு பில்லுல எழுதித் தாங்க."

"திரும்ப லீக் ஆனா எத்தனை மாசத்துக்கு உங்க பொறுப்பு?"

இந்த வேலைக்கு வெறும் கேஸ் நிரப்புவதைவிட அதிகம் செலவாகும், ஒரு நாள் கூடுதலாகவும் ஆகலாம். அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வாரண்டி காலத்தில் இருந்தால் அட்டையைப் படியுங்கள். காயிலுக்கு வாரண்டி இருந்தும் கேஸுக்கு இல்லை என்று சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். பில் இருந்து, சொன்ன வேலை நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பழைய ஆர்-22 ஏசியில் காயிலே அரித்துப்போயிருந்தால், ரிப்பேர் செலவையும் கூடுதல் கரன்ட் பில்லையும் கூட்டிப் பார்த்து புதியது வாங்குவதே லாபமாக இருக்கலாம். அப்போதும் பழையதைக் காயலான் கடையில் போடுவதற்கு முன் உள்ளிருக்கும் கேஸை மீட்டெடுக்கச் சொல்லுங்கள். மின்னணுக் கழிவு விதிகளின்கீழ் ஏசியும் வருகிறது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, பழையதை எடுத்துக்கொள்ளும் நிறுவனத்திடமோ கொடுப்பதே முறை.